18.4 சென்ட்: சாலைக்கு ஏன் பணம் போதவில்லை?

அமெரிக்காவில் எந்த ஊர் பங்க்கில் பெட்ரோல் போட்டாலும் காலனுக்கு 18.4 சென்ட் மத்திய அரசுக்கு வரியாகப் போகிறது. காலன் என்றால் ஏறக்குறைய 3.8 லிட்டர். இந்த வீதம் 1993இல் வைத்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் மக்கள்தொகை பெருகியது, வாகனங்கள் பெருகின. எல்லா வாகனங்களும் சேர்ந்து ஓராண்டில் ஓடும் தூரம் 40 சதவீத அளவுக்குக் கூடியது. விற்கும் பெட்ரோலும் கூடத்தான் செய்தது. அப்படியானால் இந்த வரிப்பணம் போய்ச் சேரும் நெடுஞ்சாலை நிதியம் செழித்திருக்க வேண்டும் அல்லவா?

நடந்தது நேர்மாறு. 2008 செப்டம்பரில் நிதியத்தின் கையிருப்பு தீரும் நிலை வந்துவிட்டது. நாடாளுமன்றம் பொதுக் கருவூலத்திலிருந்து 800 கோடி டாலர் எடுத்துக் கொடுத்து அதைக் காப்பாற்றியது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் மட்டும் 11,800 கோடி டாலரைக் கருவூலத்திலிருந்து நிதியத்துக்கு மாற்றியது. அவ்வளவு கொடுத்தும் 2028 வாக்கில் மறுபடியும் கையிருப்பு தீர்ந்துவிடும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணித்திருக்கிறது.

வண்டிகள் கூடக் கூட சாலைக்கான பணம் மட்டும் எப்படிக் குறைகிறது?

இந்த வரிக்குப் பின்னால் உள்ள யோசனை நல்ல யோசனைதான். சாலையைப் பயன்படுத்துகிறவர் அதற்கான செலவை ஏற்கட்டும் என்பது அது. ஆனால் யார் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று 1919இல் எப்படி அளப்பது? அந்த ஆண்டு ஆரிகன் மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது. தூரத்தை அளக்க வேண்டாம், பெட்ரோலை அளந்தால் போதும். அதிகம் ஓட்டுகிறவர் அதிகம் எரிப்பார். கனமான வண்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிக்கும். காலனுக்கு ஒரு சென்ட் என்று நாட்டிலேயே முதன்முதலாக அங்கேதான் வரி போட்டார்கள். இப்படி, நேரடியாக அளக்க முடியாத ஒன்றுக்குப் பதில் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும் வேறொன்றை அளப்பதைப் ‘பதிலி அளவு’ என்று சொல்லலாம். பெட்ரோல், சாலைப் பயன்பாட்டின் பதிலி. 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் காலத்தில் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளைக் கட்டத் தொடங்கியபோது மத்திய அரசும் இதே வழியைப் பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலை நிதியம் பிறந்ததும் அப்போதுதான். அன்று வரி காலனுக்கு 3 சென்ட்.

பதிலி அளவு, மூலத்தோடு உள்ள உறவு அறாதவரைதான் உதவும். இங்கே அந்த உறவு இரண்டு இடங்களில் அறுந்துவிட்டது.

முதலாவது விலைவாசி. 18.4 சென்ட் என்பது விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்த வரி அல்ல, நிலையான தொகை. பெட்ரோல் விலை ஏறினாலும் அது ஏறாது. பொது விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பார்த்தால், 1993இல் 18.4 சென்ட்டில் முடிந்த காரியத்துக்கு இப்போது 40 சென்ட் வேண்டும். சாலை போடும் செலவு சில காலங்களில் அதையும் தாண்டி ஓடியிருக்கிறது. தார், சிமெண்ட், எஃகு, கூலி எல்லாம் சேர்ந்த நெடுஞ்சாலைக் கட்டுமானச் செலவு 2020 கடைசியிலிருந்து மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது மைலேஜ். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலனுக்கு 24 மைல் தரும் காரில் அவர் 500 காலன் எரிப்பார். மத்திய வரி 92 டாலர். அதே தூரத்தை 48 மைல் தரும் ஹைபிரிட் காரில் ஓட்டினால் 46 டாலர். மின்சாரக் காரில் ஓட்டினால் ஒன்றுமே இல்லை. சாலைக்கோ மூன்றும் ஒன்றுதான். பேட்டரி எடையால் மின்சாரக் கார் கொஞ்சம் கூடுதல் கனம்கூட. மைலேஜ் கூடுவதும் புகை குறைவதும் நாம் விரும்பிக் கேட்ட மாற்றங்கள். அவற்றின்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. 1919இன் அளவுகோலை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பதுதான் தவறு.

இந்தப் பற்றாக்குறை திடீரென்று வந்த விபத்து அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பார்த்துவிடக்கூடிய ஓர் ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, 50,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகர்ப்பகுதியும் நெடுஞ்சாலைப் பணம் வாங்க வேண்டுமானால், அந்த வட்டாரம் முழுவதற்கும் சேர்த்து, விடாமல் திட்டமிட்டுவர வேண்டும். இதைச் செய்யும் வட்டாரத் திட்ட அமைப்புகள் இன்று 400க்கும் மேல் உள்ளன. குறைந்தது 20 ஆண்டுகளை முன்னோக்கிப் போக்குவரத்துத் திட்டம் எழுதி, நான்கு அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பது இவற்றின் வேலை. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவுக்கு 1970இல் அமைத்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம் இதைச் செய்கிறது. 9 மாவட்டங்கள், 101 நகரங்கள் அதன்கீழ் வருகின்றன. ஃப்ரீமாண்ட்டிலும் சன்னிவேலிலும் குடியிருக்கும் தமிழர்கள் தினமும் போய்வரும் சாலைகளும் ரயில்களும் அந்தத் திட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

தொடக்கத்தில் இந்த வட்டாரத் திட்டங்கள் பெரும்பாலும் ஆசைப் பட்டியல்களாகவே இருந்தன. இங்கே ஒரு பாலம், அங்கே ஒரு ரயில் பாதை என்று வரைபடத்தில் கோடு போடுவதற்குச் செலவில்லை. 1991இல் வந்த சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. எவ்வளவு பணம் வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிகிறதோ அந்தத் தொகைக்குள் திட்டம் அடங்க வேண்டும் என்றது. ‘நிதிவரம்புக்கு உட்பட்ட திட்டம்’ என்று இதைச் சொல்லலாம். பின்னால் வந்த விதி இன்னும் ஒரு படி இறுக்கியது. செலவை இன்றைய விலையில் எழுதக்கூடாது; பணம் செலவாகப்போகும் ஆண்டின் விலையில் எழுத வேண்டும். இன்று 10 கோடி டாலரில் முடியும் ஒரு பாலத்தை 20 ஆண்டு கழித்துக் கட்டினால், ஆண்டுக்கு 3 சதவீத விலையேற்றத்தில் 18 கோடி டாலர் ஆகும். 2 சதவீதம் என்று வைத்தால் 15 கோடிக்குள் முடிந்துவிடும். 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 22 கோடி. ஒரே ஓர் எண்ணை எப்படி அனுமானிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பாலம் திட்டத்துக்குள் வருகிறது, அல்லது வெளியே போகிறது. போக்குவரத்துத் திட்டமிடலில் வந்த விதிகளிலேயே மிகப் பயனுள்ளது இதுதான் என்பது என் கருத்து.

சரி, 20 ஆண்டு கழித்து எத்தனை பேர் எந்த வழியில் போவார்கள் என்பதை எப்படிச் சொல்கிறார்கள்?

அடிப்படை எண்ணிக்கையில்தான் எல்லாம் தொடங்குகிறது. சாலையின் குறுக்கே இரண்டு கறுப்பு ரப்பர் குழாய்களைப் படுக்கவைத்து ஆணியடித்திருப்பார்கள். ஒரு சக்கரம் ஏறியதும் குழாய்க்குள் உள்ள காற்று நசுங்கி, ஓரத்தில் கம்பத்தோடு பூட்டிவைத்த பெட்டிக்குள் ஒரு சுவிட்சைத் தட்டும். ஒரே குழாய் இருந்தால் அச்சுகளை மட்டும் எண்ணலாம். அளந்த இடைவெளியில் இரண்டாவது குழாயைப் போட்டால், இரு தட்டல்களுக்கு நடுவே உள்ள நேரத்திலிருந்து வேகம் கிடைக்கும். வேகம் கிடைத்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கிடைக்கும். அதை வைத்துப் போனது காரா, பேருந்தா, ஐந்து அச்சு லாரியா என்று பெட்டியே பிரித்து எழுதிவிடும்.

அந்த வண்டி எங்கிருந்து, எதற்காக வந்தது என்று குழாய்க்குத் தெரியாது. அதற்கு வீடுவீடாகக் கணக்கெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த குடும்பங்கள் ஒருநாள் முழுக்க யார் எங்கே, எதில், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதித் தருகிறார்கள். 1950களில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் நடந்த ஆய்வுகள் இந்தத் தகவல்களைக் கோத்து முன்கணிப்பாக மாற்றும் முறையை உருவாக்கின. ஊரைச் சிறு மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் எத்தனை பயணங்கள் கிளம்பும் என்று முதலில் பார்க்க வேண்டும். அவை எந்த மண்டலங்களுக்குப் போகும் என்பது அடுத்தது. இதில் நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயல் உண்டு. வேலைவாய்ப்பு நிறைந்த பெரிய இடம் அதிகம் இழுக்கும், தூரம் கூடக்கூட இழுவை குறையும். பிறகு காரா, பேருந்தா, ரயிலா என்ற தேர்வு. கடைசியாக எந்தச் சாலை என்பது. இந்த மாதிரியை முதலில் இன்றைய நிலைமைக்கே ஓட்டிப் பார்க்கிறார்கள். வரும் விடை ரப்பர் குழாய்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால்தான் எதிர்காலத்துக்கு ஓட்டுவார்கள்.

இந்த நான்கு படிகளில் மூன்றாவதான, எதில் போவது என்ற தேர்வுதான் சிக்கல் பிடித்தது. அதைத் தெளிவாக்கிய கதை பே ஏரியாவில் நடந்தது. 1972இல் பார்ட் என்ற புதிய ரயில் அங்கே ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் ரயிலுக்கு மாறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் டேனியல் மக்ஃபாடனும் அவர் குழுவினரும் வேறு வழியில் போனார்கள். மண்டலங்களின் சராசரிகளை விட்டுவிட்டு, தனித்தனி மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ரயில் வருவதற்கு முன்பே மக்களிடம் கேட்டறிந்தார்கள். கட்டணம், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம், நிலையத்துக்கு நடக்கும் நேரம், காத்திருக்கும் நேரம் ஒவ்வொன்றுக்கும் மக்கள் கொடுக்கும் எடையை அவர்களுடைய அன்றாடத் தேர்வுகளிலிருந்தே கணக்கிட்டார்கள். பேருந்துக்குள் உட்கார்ந்து போகும் பத்து நிமிடத்தைவிட, வெயிலில் நின்று காத்திருக்கும் பத்து நிமிடம் கனமானது என்பது நமக்கும் தெரிந்ததுதானே? அந்தக் கனத்துக்கு ஓர் எண் கொடுக்க முடிந்ததுதான் அவர்கள் சாதனை. அவர்கள் சொன்ன விடை 6.3 சதவீதம். ரயில் ஓடத் தொடங்கியபின் எண்ணிப் பார்த்தபோது வந்தது 6.2 சதவீதம். பிழைவரம்பைப் பார்க்கையில் இவ்வளவு நெருக்கமாக அமைந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று மக்ஃபாடனே பின்னர் எழுதினார். 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாக் கணிப்புகளும் இப்படி அமைவதில்லை. பென்ட் ஃப்ளூபியர்க் என்ற டென்மார்க் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரயில் திட்டங்களில் உண்மையில் வந்த பயணிகள், சராசரியாக, கணித்ததில் பாதிதான். சாலைத் திட்டங்களில் பாதிக்குக் கணிப்பு 20 சதவீதத்துக்கும் மேல் தவறியிருந்தது.

சில சமயம் எந்த மாதிரியிலும் இல்லாத ஒன்றும் நேர்கிறது. பார்ட் ரயிலையே பாருங்கள். 2019இல் வேலைநாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். ரயிலை இயக்கும் செலவில் 70 சதவீதத்தை நெருங்கும் அளவு பயணிகளின் கட்டணத்திலிருந்தே வந்தது. அமெரிக்கப் பொதுப்போக்குவரத்தில் இது அபூர்வம். எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். 2020இல் கொரோனா வந்தது. அலுவலகங்கள் வீட்டுக்குள் வந்தன. அதன்பின் கூட்டம் பழைய அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. அவசர உதவிப் பணத்தில் வண்டி ஓடியது. அது தீரும் 2026-27 நிதியாண்டிலிருந்து ஆண்டுக்கு 35 முதல் 40 கோடி டாலர் துண்டு விழும் என்பது பார்ட் நிர்வாகத்தின் கணக்கு. ஐந்து மாவட்டங்களில் விற்பனை வரியைக் கூட்டலாமா என்று 2026 நவம்பரில் மக்களிடமே கேட்பதற்கு 2025இல் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. ஒரே வருமானத்தை நம்பியிருப்பதன் ஆபத்து பெட்ரோல் வரியில் மெல்ல மெல்லத் தெரிந்தது. இங்கே சில வாரங்களில் தெரிந்துவிட்டது.

இனி செலவுப் பக்கம். சாலை எதனால் தேய்கிறது?

இதற்கான விடையை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற சிற்றூர் அருகே கண்டுபிடித்தார்கள். அங்கே பல தடிமன்களில் தாரும் காங்கிரீட்டும் போட்டு, வளையம் வளையமாகச் சோதனைச் சாலைகள் அமைத்தார்கள். ஒரு தடத்தில் ஒரே எடை கொண்ட லாரிகள், அடுத்த தடத்தில் வேறு எடை. 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்கள் இரவும் பகலுமாக அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒரு வளையத்தில் வண்டியே விடவில்லை. மழையும் பனியும் மட்டும் என்ன செய்கின்றன என்று பிரித்தறிவதற்காக. 11 லட்சம் தடவைக்கும் மேல் அச்சுச் சுமை ஏறி இறங்கியபின் கணக்குப் பார்த்தார்கள். அச்சின் எடை இரட்டித்தால் சேதம் இரட்டிக்கவில்லை. சுமார் 16 மடங்கானது. எடை பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு. சரக்கு லாரியின் அச்சு, காரின் அச்சைவிடப் பத்து மடங்கு கனமாக இருப்பது சாதாரணம். இந்த விகிதம் மண்ணுக்கும் சாலை வகைக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும் என்றாலும், உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் பலர் இன்றும் இதன் வழியில் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள்.

ஆக, காரின் எடை சாலையைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. லாரி தேய்க்கிறது, தண்ணீர் அரிக்கிறது. ஒட்டாவாவிலும் பனி உருகி அடிமண் ஊறிய வசந்த காலத்தில்தான் சாலைகள் அதிகமாகப் பிளந்தன. பெட்ரோல் வரி இந்த உண்மைக்கு அருகில்கூட வருவதில்லை. லாரி கூடுதலாக எரிபொருள் குடிக்கிறது, உண்மைதான். ஆனால் பத்தாயிரம் மடங்கு குடிப்பதில்லை.

பணம் போதாதபோது எந்த நிர்வாகமும் முதலில் கைவைப்பது பராமரிப்பில். புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டலாம், விழா எடுக்கலாம். விரிசலுக்குத் தார் ஊற்றுவதற்கு யார் விழா எடுப்பார்கள்? நம் வீட்டு மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். தட்டோட்டுக்கு நடுவே மயிரிழை விரிசல் தெரிந்ததுமே ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டால், ஒரு நாள் கூலியும் அரை மூட்டை சிமெண்ட்டும் போதும். இந்த மழைக்காலம் போகட்டும் என்று இரண்டு வருடம் விட்டால் தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்துப் புடைத்து, கீழே கூடத்தில் காரை பெயர்ந்து விழும். அப்போது தளத்தையே உடைத்துப் போட வேண்டியிருக்கும். சாலையிலும் இதே இயற்பியல்தான். மேற்பரப்பு இறுக்கமாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. விரிசல் விட்டதும் அடித்தளம் ஊறுகிறது, பலமிழந்த அடித்தளத்தின்மேல் லாரி ஏறுகிறது, சேதம் பெருகுகிறது.

பே ஏரியாவில் ஒவ்வொரு சாலைக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் சாலையைப் பார்த்து விரிசலின் நீளம், பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தரும் எண் அது. புதுச் சாலைக்கு மதிப்பெண் முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான் இறங்கும். 60ஐத் தாண்டிக் கீழே போனதும் சரிவு செங்குத்தாகிவிடும், சீரமைப்புச் செலவு பல மடங்கு ஏறும். அந்த வட்டாரத்தின் உள்ளூர்ச் சாலைகளின் சராசரி பல ஆண்டுகளாக 67ஐ ஒட்டியே நிற்கிறது. சரிவின் விளிம்புக்கு அது அதிக தூரமில்லை. தள்ளிப்போட்ட பராமரிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கடன் என்று எழுதப்படுவதில்லை. ஆனால் இதைவிட அதிக வட்டி கேட்கும் கடன் ஓர் அரசுக்கு வாய்ப்பது அரிது.

மாற்று வழியும் முதல் வரி போட்ட ஆரிகனிலிருந்தே வருகிறது. அங்கே கனரக லாரிகள் மாநில டீசல் வரிக்குப் பதிலாக எடை, அச்சுகளின் எண்ணிக்கை, ஓடிய தூரம் மூன்றையும் வைத்துப் பல பத்தாண்டுகளாக வரி கட்டிவருகின்றன. ஒட்டாவா சோதனை சொன்ன பாடத்துக்கு மிக நெருங்கிவரும் வரி இது. 2015இல் கார்களுக்கும் விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று மைல் கணக்கு வரியைத் தொடங்கினார்கள். அப்போது மைலுக்கு 1.5 சென்ட்; கட்டிய பெட்ரோல் வரி கழித்துக்கொள்ளப்படும். நம் போக்குவரத்தை அரசு வேவு பார்க்குமோ என்ற பயம் மக்களுக்கு வந்தது, அது நியாயமான பயம். அதனால் இடத்தைப் பதிவுசெய்யாமல் தூரத்தை மட்டும் பதியும் கருவியையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்தார்கள். கலிஃபோர்னியா 2017இல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. தன் மாநில பெட்ரோல் வரியை 12 சென்ட் கூட்டி, இனி ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி கட்டிவிட்டது. அதை ரத்துசெய்யக் கோரிய தீர்மானத்தை அடுத்த ஆண்டே வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். பணம் எதற்குப் போகிறது என்று விளங்கினால் மக்கள் வரியையும் ஏற்பார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

உங்கள் ஊருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று பொதுமக்கள் கருத்துக்காக வெளிவரும்போது, வண்ண வரைபடத்தில் உள்ள புதுப் பாதைகளை அப்புறம் பாருங்கள். விலையேற்றம் எத்தனை சதவீதம் என்று அனுமானித்திருக்கிறார்கள், ஏற்கெனவே இருக்கும் சாலைகளையும் ரயில்களையும் பராமரிக்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் தேடிப் படியுங்கள். அவை அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.